விஸ்வரூபமும் எங்க அம்மாவும்: கணக்குல வராத கலெக்ஷன்

போன மாசம் ஆபீஸ் கேன்டீன்ல ஒரு பெரிய சண்டை. அப்ரைசல் மேட்டர் எல்லாம் இல்லைங்க, சினிமா. 2013-ல வந்த 'விஸ்வரூபம்' ஹிட்டா, ஃப்ளாப்பா? ஆளுக்கொரு கோடி சொன்னாங்க. ஒருத்தர் சொன்ன நம்பரும் இன்னொருத்தர் சொன்ன நம்பரும் பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி கூட இல்லை, பக்கத்து மாநிலக்காரங்க மாதிரி இருந்தது. நான் வாயைத் திறக்காம தயிர்சாதம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். "நீ கமல் ரசிகன் தானே, சொல்லுய்யா"ன்னு இழுத்தாங்க. "தெரியாது"ன்னு சொன்னேன். நிஜமாவே தெரியாது.

அந்த வாரம் ஊருக்குப் போனப்போ அம்மாகிட்ட சும்மா கேட்டேன். "விஸ்வரூபம் பாத்தியாம்மா நீ?"

"நாலு தடவை பாத்தேன். எதுக்குடா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்க அம்மா தியேட்டர்ல கடைசியா பார்த்த படம் 1999-ல வந்த 'படையப்பா'. அப்படின்னா இந்த நாலு தடவை எந்தக் கணக்குல வரும்? கோடி கோடின்னு சண்டை போட்டோமே, அதுல அம்மாவுக்கு எத்தனை பைசா?

நான் வேலை பாக்கறது பேமெண்ட் சிஸ்டம்ல. எங்க தொழில்ல ஒரு பாலபாடம் உண்டு. லாக்ல இல்லாத டிரான்ஸாக்ஷன் நடக்கவேயில்லைன்னு அர்த்தம் கிடையாது. நாம அதைப் பதியலைன்னு மட்டும்தான் அர்த்தம். அந்தப் பதியாத கணக்கைப் பத்திதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

முதல்ல எங்க ஊர்

ஆம்பூர். பிரியாணின்னு சொன்னாத்தான் உங்களுக்குத் தெரியும், அது எங்க விதி :-) ஆனா ஊர் சாப்பிடறது தோலால. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடின்னு பாலாத்தை ஒட்டி வரிசையா டேனரிங்க, சூ கம்பெனிங்க. 1996-ல சுப்ரீம் கோர்ட் 'மாசு பண்ணினவனே காசு கொடுக்கணும்'னு ஒரு தீர்ப்பு சொல்லுச்சே, அந்த வேலூர் வழக்கு எங்க பாலாறு சம்பந்தப்பட்டதுதான். நீங்க போட்டிருக்கிற ஷூவோட மேல்பாகத்தை எங்க தெரு அக்கா யாராவது தைச்சிருக்க வாய்ப்பு உண்டு. சூ கம்பெனி தையல் செக்‌ஷன்ல பெரும்பாலும் பொம்பளைங்கதான். எங்க அம்மாவும் அதுல ஒருத்தர். காலைல கம்பெனி பஸ் வந்து அள்ளிட்டுப் போகும். இருட்டினப்புறம் கொண்டு வந்து இறக்கிவிடும். ஞாயித்துக்கிழமை லீவு. அன்னிக்கு ஒரு வாரத் துணி காத்துக்கிட்டு இருக்கும். இதுல எங்கேருந்து ஈவினிங் ஷோ?

சினிமா வியாபாரத்துல எங்க ஊருக்கு வேற அட்ரஸ். அரசாங்கக் கணக்குல நாங்க முதல்ல வட ஆற்காடு மாவட்டம். 1989-ல திருவண்ணாமலை பிரிஞ்சது. 2019-ல வேலூரையும் மூணாப் பிரிச்சாங்க, இப்போ ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம். ஆனா விநியோகஸ்தர்களுக்கு மட்டும் நாங்க என்னிக்கும் 'வட ஆற்காடு' ஏரியாதான். அதையும் தென் ஆற்காடு, செங்கல்பட்டோட சேர்த்து என்.எஸ்.சி. அப்படின்னு ஒரே மூட்டையா விக்கறதும் உண்டு. கலெக்டர் மாறினாலும் கலெக்ஷன் ஏரியா மாறலை!

அந்த வியாபாரத்தையும் கொஞ்சம் பார்த்துடலாம். தயாரிப்பாளர் ஏரியா ஏரியாவா படத்தை விப்பார். விநியோகஸ்தர் மினிமம் கேரண்டின்னு ஒரு தொகை கொடுத்து வாங்குவார், இல்லைன்னா அட்வான்ஸ் கொடுத்து ஓட்டி கமிஷன் எடுப்பார். தியேட்டர்க்காரர் டிக்கெட் வித்த காசுல தன் பங்கைக் கழிச்சிட்டு மீதியை 'ஷேர்'னு கொடுப்பார். ஆக மொத்தம் ஆம்பூர்ல கிழிக்கிற ஒரு டிக்கெட், சென்னைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள மூணு கணக்கு நோட்டைத் தாண்டணும். இந்த நோட்டு எதையும் பொதுமக்கள் பாக்க முடியாது. அதனாலதான் கேன்டீன்ல ஆளுக்கொரு கோடி.

டிக்கெட் கணக்கே இந்த லட்சணம்னா, டிக்கெட்டே வாங்காத எங்க அம்மா எங்க போய்ப் பதிவாங்க?

டெக், சிடி, அப்புறம் மெமரி கார்டு

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

1982 ஏசியாடுக்கு அப்புறம் கலர் டிவி வந்தது, பின்னாலேயே வீடியோ டெக்கும் வந்தது. தியேட்டர்க்காரங்க அப்பவே அலறினாங்க. 1984-ல மத்திய அரசு காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி வீடியோ திருட்டை உள்ளே கொண்டு வந்தது. அதே 1984-ல தமிழ்நாட்டுல, டெக் வெச்சு டிவில படம் போட்டுக் காட்டறதை ஒழுங்குபடுத்தவே தனியா ஒரு சட்டம் வந்தது. ஒரு பொட்டிக்கு ஒரு சட்டம்னா, அந்தப் பொட்டி எத்தனை பேரை தியேட்டர்லேருந்து இழுத்திருக்கும்னு பார்த்துக்குங்க.

அம்மா கல்யாணம் ஆகி வந்த புதுசுல தெருவே காசு போட்டு டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுப்பாங்களாம். ராத்திரி ஆரம்பிச்சா விடிய விடிய மூணு படம். 1991-ல வந்த 'கேப்டன் பிரபாகரன்' படத்தை அப்படித்தான் பார்த்தேன்னு அம்மா சொல்வாங்க. மூணாவது படம் போடும்போது பாதித் தெரு வாசல்லேயே தூங்கிடுமாம். அந்தத் தெருவுல எத்தனை பேர் பார்த்தாங்கன்னு விநியோகஸ்தருக்கும் தெரியாது, தயாரிப்பாளருக்கும் தெரியாது.

நான் பார்த்து வளர்ந்தது சிடி காலம். ஒரு படத்துக்கு ரெண்டு சிடி. சரியா இடைவேளையில எந்திரிச்சு ரெண்டாவதை மாத்தணும். எங்க வீட்டுல அந்தப் பதவி எனக்கு. 2004-ல 'கில்லி'க்கு எத்தனை தடவை எந்திரிச்சேன்னு கணக்கே கிடையாது. எந்த சிடியும் ஒரிஜினல் இல்லை, சாமி சத்தியமா எனக்கு அப்போ ஒரிஜினல்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. அதே 2004-ல தான் தமிழ்நாடு அரசு குண்டர் சட்டத்துல வீடியோ திருடர்களையும் சேர்த்தது. கள்ளச்சாராயம் காய்ச்சறவங்களுக்கும் ரவுடிகளுக்கும் போட்ட சட்டம். எங்க தெருமுனை சிடி கடை அண்ணன் அதுக்கப்புறம் புதுப்பட சிடியை மட்டும் அரிசி டப்பாக்குள்ள வெச்சு விக்க ஆரம்பிச்சார்.

தப்பா சொல்லக்கூடாது, நேர்மையா வித்தும் பார்த்தாங்க. 2007 வாக்குல மோசர் பேர் கம்பெனி 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடின்னு இறக்கினப்போ எங்கப்பா முதல் தடவையா காசு கொடுத்து ஒரிஜினல் வாங்கினார். திருட்டு சிடி விலைக்கே நல்ல சிடி கிடைச்சா யாரு வேணாம்னு சொல்லப்போறா? ஆனா அதுல பெரும்பாலும் பழைய படங்க. புதுப்படத்துக்கு அரிசி டப்பாதான். அந்தக் கம்பெனியும் கடன்ல மூழ்கி 2018-ல கலைப்புக்குப் போயிடுச்சு.

இந்த இடத்துல ஒண்ணு கவனிக்கணும். ஃபிலிம் பெட்டி காலத்துல பி, சி சென்டருக்குப் புதுப்படம் பல வாரம் கழிச்சுத்தான் வரும். அந்த இடைவெளியிலதான் சிடி கடை வாழ்ந்தது. டிஜிட்டல் புரொஜெக்‌ஷன் வந்தப்புறம் சென்னைல ரிலீஸ் ஆகிற அன்னிக்கே எங்க ஊர்லயும் ரிலீஸ். ஊருக்கு லேட்டா வர்ற பிரச்சினை தீர்ந்தது. தியேட்டருக்கே போக முடியாதவங்க பிரச்சினை அப்படியே இருந்தது.

ஆயிரம் ரூபா படம்

இப்போ மேட்டருக்கு வருவோம்.

2012 கடைசில கமல் ஒரு குண்டு போட்டார். 'விஸ்வரூபம்' தியேட்டருக்கு வர்றதுக்கு முந்தின நாள் ராத்திரி டிடிஎச்-ல வரும். 2013 ஜனவரி 10 வீட்டுல, 11 தியேட்டர்ல. ஒரு தடவை பாக்க ஆயிரம் ரூபாய். பட்ஜெட் 95 கோடின்னு சொன்ன படம், அவரே கதை எழுதி, இயக்கி, நடிச்சு, தயாரிச்ச ஸ்பை த்ரில்லர். கைல இருக்கறதெல்லாம் அடமானம் வெச்சு எடுத்தவர் புதுசா ஒரு ஜன்னல் தொறந்து பாத்தார், அவ்ளோதான்.

தியேட்டர்க்காரங்க படத்தைப் போடவே மாட்டோம்னு சொல்லிட்டாங்க. கமல் போட்டி ஆணையம் வரைக்கும் போனார். அப்போ எனக்கு தியேட்டர்க்காரங்க மேல செம கோவம். இப்போ யோசிச்சா அவங்க பயத்துலயும் ஒரு கணக்கு இருந்தது. அன்னிக்கு சென்னை மல்டிபிளக்ஸ்லயே டிக்கெட் உச்சவரம்பு 120 ரூபாய். அஞ்சு பேர் குடும்பம் போனா 600. அதனால ஒரே ஒரு குடும்பம் ஆயிரம் கொடுத்துப் பார்த்தா தியேட்டர்க்காரர் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனா நாங்கதான் டெக் எடுத்துப் பழகின ஊராச்சே! இருபது பேர் கூடினா தலைக்கு 50. எங்க ஊர் தியேட்டர் டிக்கெட்டோட மல்லுக்கு நிக்கிற விலை. தியேட்டர்க்காரர் பயந்தது டிடிஎச் பொட்டியைப் பார்த்து இல்லை, அந்தப் பொட்டி முன்னாடி உக்காரப்போற தெருவைப் பார்த்து.

கமல் கணக்குலயும் ஒரு ஓட்டை இருந்தது. டிடிஎச் யார் வீட்டுல இருந்தது? எங்க தெருவுல எல்லாம் கேபிள். 2011 செப்டம்பர்ல அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்னு வந்தப்புறம் டிஷ் வைக்க ஒருத்தனுக்கும் பைத்தியம் பிடிக்கலை. மாசம் 70 ரூபாய் கட்டற வீட்டுக்கு ஒரு ராத்திரிக்கு ஆயிரம் ரூபாய்னா அது ஒரு வருஷத்துக்கும் மேல கேபிள் காசு. அந்த ஜன்னல் எங்க அம்மாவுக்காகத் தொறக்கலை. வசதியான வீட்டுக்காகத் தொறந்தது.

எங்க கேங்ல டிஷ் இருந்தது ஒரே ஒரு வீட்டுல. என் பெஞ்ச் தோழன் வீடு. அவங்கப்பாவுக்குத் தோல் வியாபாரம், வீட்டுல பேசறது உருது. உருது சேனல் வரும்னு டிஷ் மாட்டியிருந்தாங்க. அவங்க அம்மாவும் அக்காக்களும் தியேட்டர் பக்கமே போனதில்லை, ஆனா ஒரு படம் விடாம வீட்டுல பாத்துடுவாங்க. நாங்க அப்போ பத்தாம் கிளாஸ். இருபது பசங்க, தலைக்கு அம்பது, அவன் வீட்டு ஹால்ல 'விஸ்வரூபம்'. ரிவிஷன் டெஸ்ட்டை விட இந்தத் திட்டம் துல்லியமா இருந்தது. அவன் அம்மா சமோசா போட்டுத் தர்றதா சொல்லியிருந்தாங்க.

யோசிச்சுப் பாருங்க. கமல் தேடின டிடிஎச் வாடிக்கையாளர் எங்க ஊர்ல யாருன்னா, ஒரு முஸ்லிம் வீட்டு ஹால்.

பதிமூணு நாள்

தியேட்டர்க்காரங்களோட பேசி, முதல்ல ஜனவரி 25 தியேட்டர், அப்புறம் பிப்ரவரி 2 டிடிஎச்னு மாத்திக்கிட்டாங்க. சரி, ஒரு வாரம் தானேன்னு நாங்களும் சமாதானம் ஆனோம். ஆனா ரிலீஸுக்கு முன்னாடி படத்தைப் பார்த்த முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்பு சொன்னாங்க. தமிழக அரசு ரெண்டு வாரத்துக்கு நிறுத்தச் சொல்லுச்சு. மாவட்டம் மாவட்டமா 144 போட்டு கலெக்டர்கள் தடை. எங்க வேலூர் மாவட்டத்துக்கும் சேர்த்துத்தான். 524 தியேட்டருக்கும் பாதுகாப்பு கொடுக்க போலீஸ் பத்தாதுன்னு முதல்வர் ஜெயலலிதா பிரஸ் மீட்ல விளக்கம் சொன்னார்.

ஜனவரி 29 ராத்திரி ஹைகோர்ட் நீதிபதி வெங்கட்ராமன் தடையை நீக்கினார். மறுநாளே டிவிஷன் பெஞ்ச் அந்த உத்தரவை நிறுத்தி வெச்சது. அன்னிக்குத்தான் கமல் இந்த மாநிலத்தை விட்டே போயிடுவேன்னு பேட்டி கொடுத்தார். இத்தனைக்கும் 1989-லேயே 'ஒரே ஒரு கிராமத்திலே' வழக்குல, கலாட்டா நடக்கும்னு பயந்து பேச்சுரிமையை நசுக்கக்கூடாது, பாதுகாப்பு கொடுக்கறதுதான் அரசாங்கத்தோட வேலைன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. அதுவும் தமிழ்ப்படம், அதுவும் தமிழ்நாடு. நமக்கு எதையும் ரெண்டாவது தடவை படிக்கணும் போல.

நான் இதையெல்லாம் இப்போ நிதானமா எழுதறேன். அப்போ எனக்குப் பதினஞ்சு வயசு. ஸ்கூல்ல அவன்கிட்ட கத்தினேன். "ஒரு படத்தைக்கூட பாக்க விட மாட்டேங்கறீங்களேடா."

அவன் ஒரு நிமிஷம் பேசலை. அப்புறம் கேட்டான், "நீங்கன்னா யாருடா?"

என்கிட்ட பதில் இல்லை. இன்னி வரைக்கும் இல்லை. பெஞ்ச் மாறி உக்காந்தான். சமோசா திட்டம் அங்கேயே முடிஞ்சது.

அந்த பதிமூணு நாள்ல ஊர் என்ன பண்ணுச்சு? தியேட்டர்ல வேற படம் ஓடிச்சு. எங்க சித்தப்பா தீவிர கமல் வெறியர். அவர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துட்டு, பஸ் ஏறி சித்தூர் போய் தெலுங்குலயே பாத்துட்டு வந்தார். "பாஷை புரியலை, ஆனா அந்த கொடவுன் ஃபைட் இருக்கே..."ன்னு ஒரு மாசம் அதையே சொன்னார். அவர் டிக்கெட் ஆந்திரா கணக்குல ஏறிடுச்சு. பாலக்காட்டுக்கு வண்டி கட்டிப் போன கோயம்புத்தூர்க்காரங்க காசு கேரளா கணக்குல. தமிழ்நாட்டுல வர வேண்டிய கலெக்ஷன் எல்லை தாண்டிப் போய் விழுந்தது.

மீதிப் பேர்? வெளிநாட்டுல படம் ரிலீஸ் ஆயிடுச்சு, திருட்டுப் பிரதி வர எவ்வளவு நேரம் ஆகும்? அப்போ சிடி கடையெல்லாம் மொபைல் கடையா மாறிட்டிருந்த நேரம். மெமரி கார்டைக் கொடுத்தா இருபது ரூபாய்க்கு நாலு படம் ஏத்திக் கொடுப்பாங்க. தியேட்டர்ல தடை செஞ்ச படம் பஸ் ஸ்டாண்டுல இருபது ரூபாய்க்குக் கிடைச்சது. அதுவும் வெட்டு ஒண்ணும் இல்லாத முழுப்படம். சூ கம்பெனி பஸ்ல, சாயங்காலம் வீடு திரும்பற நேரத்துல, ஒரு சைனா மொபைல்ல எட்டுப் பேர் தலையை முட்டிக்கிட்டுப் பார்த்தாங்களாம். அம்மாவோட முதல் தடவை அதுதான். அரை அரை மணி நேரமா, அஞ்சு நாள்ல முழுப்படம்.

அந்த பஸ்ல பர்தா போட்ட அக்காங்களும் இருந்தாங்கன்னு அம்மா சொன்னாங்க. யாரும் யாரையும் எதுவும் கேக்கலை. இயர்போன் ஒயர் மட்டும் பத்தலையாம்.

ரிலீஸ்

பிப்ரவரி 2 அன்னிக்கு டிடிஎச்-ல படம் வரலை. அன்னிக்கு நடந்தது வேற. கமலும் முஸ்லிம் அமைப்புகளும் பேசி, ஏழு இடத்துல வெட்டறதா, சத்தத்தை அமுக்கறதா ஒப்பந்தம். பிப்ரவரி 7 வியாழக்கிழமை தமிழ்நாட்டுல படம் வந்தது.

நான் சித்தப்பாவோட எங்க ஊர் தியேட்டர்ல பாத்தேன். நல்ல கூட்டம். டூர் போன ஆளு ரிட்டர்ன் வந்த மாதிரி ஒரு கொண்டாட்டம். ஒரு மனுசனை அடிச்சா அவனுக்கு ஆதரவா வர்ற கூட்டம் அது. கதக் ஆடற நளினமான ஆளு அரை நிமிஷத்துல பத்துப் பேரைச் சாய்க்கிற அந்த சீனுக்கு சீட்டைக் கிழிச்சாங்க. படத்தோட பலம் தனி. பிர்ஜு மகராஜ் நடன அமைப்புக்கும், கலை இயக்கத்துக்கும் தேசிய விருது அந்த வருஷமே வந்தது.

இப்போ கேன்டீன் கேள்விக்கு வாங்க. தடை படத்துக்கு லாபமா, நஷ்டமா? பதிமூணு நாள் நாடு முழுக்க நியூஸ்ல இலவச விளம்பரம். அது வரவு. பதிமூணு நாள் திருட்டுப் பிரதி, எல்லை தாண்டின டிக்கெட், நடக்காத டிடிஎச். அது செலவு. ரெண்டையும் கழிச்சு மிச்சம் சொல்ற தைரியம் எனக்கு இல்லை. சொல்றவங்ககிட்ட, "எந்த நோட்டுலேருந்து எடுத்தீங்க?"ன்னு மட்டும் கேப்பேன்.

பப்ளிக் பரீட்சை முடிஞ்ச அன்னிக்கு அவனே வந்து பேசினான். அவனும் மெமரி கார்டுல பாத்திருந்தான். "டேய், ஹீரோவே நம்மாளுடா. அதை ஏன்டா எவனும் சொல்லலை?"ன்னு சிரிச்சான். நானும் சிரிச்சேன். அப்புறம் சீரியஸா ஒண்ணு சொன்னான். "அந்த வில்லன் கோயம்புத்தூர், மதுரைல இருந்தேன்னு தமிழ்ல சொல்றான் பாரு, அது எனக்குக் குத்துச்சு. 98 குண்டுவெடிப்புக்கு அப்புறம் எங்கப்பா தோல் விஷயமா அந்தப் பக்கம் போனா, பேரைச் சொன்னதும் லாட்ஜ்ல ரூம் இல்லைன்னுடுவாங்களாம். நீ விசில் அடிச்சிருப்ப. நான் அந்த இடத்துல எங்கப்பாவை நெனச்சேன்."

கடைசில, "தடை பண்ணினதும் தப்புதான்டா. நான் பாத்துட்டுத் திட்டியிருப்பேன்ல"ன்னான். ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்ல அவனால முடிஞ்சது. டிவில ஒரு மாசம் கத்தின பெரியவங்க ஒருத்தராலயும் முடியலை. நான் அந்த 'நீங்க'வுக்கு அன்னிக்குத்தான் மன்னிப்பு கேட்டேன்.

ஏழு வருஷம் கழிச்சு

கமலோட ஜன்னல் அன்னிக்கு மூடிடுச்சு, ஆனா தட்டறவங்க ஓயலை. 2015-ல சேரன் 'ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை நேரா டிவிடியா வீட்டுக்கே அனுப்பிப் பாத்தார். பெருசா எடுபடலை. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்தது. மொபைல் கடைல மெமரி கார்டு ஏத்தற வியாபாரம் மெல்லப் படுத்தது.

2020-ல கொரோனா. சூர்யாவோட 'பொன்மகள் வந்தாள்' மே மாசம் நேரா அமேசான் பிரைம்ல வருதுன்னதும் தியேட்டர்க்காரங்க மறுபடியும் அதே போர்க்கொடி தூக்கினாங்க. நவம்பர் 12-ல 'சூரரைப் போற்று'வும் அங்கேயே வந்தது. 2021 ஜனவரி 13-ல 'மாஸ்டர்' தியேட்டர்ல, 29-ஆம் தேதி வீட்டுல. பதினாறே நாள் இடைவெளி. 2013-ல கமல் ஒத்துக்கிட்ட இடைவெளி எட்டு நாள், ஞாபகம் இருக்கா?

விலையைப் பாருங்க. 2020-ல பிரைம் ஒரு வருஷத்துக்கு 999 ரூபாய். கமல் ஒரு படத்துக்கு ஒரு ராத்திரிக்குக் கேட்டது ஆயிரம்! எண்ணம் சரி, ஏழு வருஷம் முன்னாடி. விலைதான் எங்க தெருவுக்கானது இல்லை.

'விஸ்வரூபம் 2' தாமதமாகி 2018 ஆகஸ்ட்ல வந்து, வந்த சுவடு தெரியாம போச்சு. அதே கமல் 2022 ஜூன் 3-ல 'விக்ரம்' கொடுத்து தியேட்டரைக் கிழிச்சார். ஜூலை 8-ல அது ஹாட்ஸ்டார்ல வந்துடுச்சு. அஞ்சு வாரம். ஒரு தியேட்டர்க்காரரும் கொடி பிடிக்கலை. டிடிஎச்-க்கு இருந்த கோவம் எங்க போச்சுன்னு யாராவது சொல்லுங்கப்பா.

இந்த முறை அம்மா கணக்குல வந்தாங்க. நான் கட்டின சந்தாவுல, என் ஐடில, அவங்க போன்ல 'விக்ரம்' ஓடினது எங்கேயோ ஒரு சர்வர்ல கண்டிப்பா பதிஞ்சிருக்கும். ஆனா பாருங்க, அது என் பேர்ல இருக்கும். இருபத்தஞ்சு வயசு ஆண், சென்னை. ஆம்பூர் சூ கம்பெனில முப்பது வருஷமா அப்பர் தைக்கிற பொம்பளைன்னு அதுல இருக்காது. அந்த நம்பரும் வெளியே வராது. முன்னாடி நோட்டு விநியோகஸ்தர்கிட்ட இருந்தது, இப்போ கம்பெனி சர்வர்ல இருக்கு. அவ்ளோதான் வித்தியாசம்.

சரி, அம்மாவோட நாலு தடவைக்கு வர்றேன். முதல் தடவை கம்பெனி பஸ்ல. ரெண்டாவதும் மூணாவதும் டிவில போட்டப்போ. நாலாவது?

"உன் சிநேகிதன் வீட்டுல. அவங்க அக்கா கல்யாணத்துக்கு மருதாணி வைக்கப் போனோமே, அப்போ. அவங்க அம்மா சிடி போட்டாங்க. சமோசா குடுத்தாங்க."

எனக்கு அந்த நிமிஷம் வரைக்கும் இது தெரியாது. நாங்க இருபது பேர் போட்ட திட்டம், எங்க அம்மாங்க ரெண்டு பேரும் எங்களுக்குச் சொல்லாமலே நடத்தி முடிச்சிருக்காங்க. அதே ஹால், அதே படம், அதே சமோசா.

பெங்களூர்ல இருக்கிற அவனுக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன். ரொம்ப நேரம் சிரிச்சான். "கலெக்ஷன் எவ்ளோடா?"ன்னு கேட்டான்.

பூஜ்யம்னு சொன்னேன்.

*டிஸ்கி: திருட்டு சிடியை நியாயப்படுத்தி எழுதின பதிவு இல்லை இது. இப்போ எல்லாம் காசு கட்டித்தான் பாக்கறேன், நம்புங்க :-) உங்க ஊர்ல அந்த பதிமூணு நாள் எப்படிப் போச்சுன்னு நேரம் இருந்தா நீங்களும் எழுதுங்க. முக்கியமா, உங்க வீட்டு அம்மாக்களைக் கேட்டு எழுதுங்க.*